பொருள் எண் 212

கல்மண்டபத்துக்குப் பின்னால்
முன்பு தோல் கிடங்காக இருந்த கட்டடத்தில்தான்
குழந்தைப் பருவத்தை வைத்திருக்கிறோம்.
திங்கட்கிழமை விடுமுறை.
கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
கண்ணாடிக்குள் செட்டியார் பொம்மைகள்
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும்.
எதற்கென்று நான் கேட்டதில்லை.

சீட்டு கிழிப்பது நான். அட்டைகளில் இருப்பதும் என் கையெழுத்து.
தகர ரயில், மில் குடியிருப்பிலிருந்து.
சிலேட்டு ஏழு; ஒன்றில் பாதி அழிந்த ஒன்பதாம் வாய்ப்பாடு.
போலியோ காலுக்குப் போடும் இரும்புச் சட்டம், இடது,
ஒரு முழம்கூட இருக்காது.
அதன் முன்னால் யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.
மாஞ்சா நூல்கண்டு ஒன்றும் உண்டு,
ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து வாங்கி வந்தது.

மே மாதம். தடைக்காலம்.
காசிமேட்டில் போட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு
சும்மா நிற்கும் மதியத்தில்
தேசம்மாள் வந்தாள், முந்தானையில் சுற்றிய அலுமினியச் சட்டியோடு.
"சின்ன வயசு சாமான் இருந்தா குடுக்கச் சொன்னீங்களாமே,
ஆட்டோல மைக் கட்டிகினு."

படிவத்தை எடுத்தேன்.
வகை: விளையாட்டு, கல்வி, உடை, மற்றவை.
இதை வைத்து என்ன விளையாடுவீர்கள் என்று கேட்டுவிட்டேன்.
எடை சரியில்லாத தராசைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"எறா உரிப்பேன். ஒம்போது வயசு. சட்டிக்கு நாலணா.
ஐஸ்ல கை வெச்சி வெச்சி ரேகையே பூட்ச்சி.
ஆதாருக்குப் போனா மிஷினு ஒத்துக்கல."

சட்டியைக் கவிழ்த்தேன்.
அடியில் ஆணியால் கீறிய கோடுகள், ஐந்தைந்தாக, நெருக்கமாக.
"அது என் கணக்கு. மேஸ்திரி ஏமாத்துவான்."
கல்வி என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
பிறகு அடித்தேன்.
பிறகு அடித்ததையும் அடித்தேன்.

உள்ளே போய்ப் பார்க்கலாமா என்றாள்.
பெரியவர்களுக்கு இருபது ரூபாய், பத்து வயதுக்குள் இலவசம்.
பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
இருபதை எடுத்து வைத்தாள்.
பொம்மைகளிடம் நிற்கவில்லை.
இரும்புச் சட்டத்திடம் நின்றாள்.
"எங்க சந்துல நாகூரான் போட்டிருந்தான்.
டக்கு டக்குனு வருவான். ஓட்டத்துல அவனைப் புடிக்க முடியாது"
என்று தனியாகச் சிரித்தாள்.

மேலாளர் சொன்னார், சட்டி மாடிக்கு.
மாடியில் உழைப்புப் பகுதி வரும், நிதி வந்தால்.
நான் கீழேயே வைத்தேன்,
மரக்குதிரைக்கும் பள்ளிச் சீருடைக்கும் நடுவில்.
ஃபினாயில் போட்டுத் துடைத்தும்
புழுக்கமான நாட்களில் அந்தப் பெட்டி மட்டும் நாறியது.
குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் இருக்கும்.

ஜூன் பதினேழு, ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே பார்த்தாள்.
"போட்டு வந்துட்ச்சி. சட்டி குடு."
கொடுத்த பொருளைத் திருப்பித் தர விதி இல்லை என்றேன்.
"புதுசு வாங்கனேன். கை ஒத்துக்கல."
விதியைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.
ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

படிவத்தில் 'பொருளின் தற்போதைய நிலை' என்ற இடம்
காலியாகவே இருந்தது.
பயன்பாட்டில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இப்போது பெட்டியில் தூசியில் ஒரு வட்டம்,
பக்கத்தில் என் அட்டை.
நேற்று கொருக்குப்பேட்டைப் பள்ளியிலிருந்து வந்த ஒருத்தி
கண்ணாடியில் மூக்கை அழுத்தி எழுத்துக் கூட்டினாள்:
எறா உரிக்கும் சட்டி. வயது ஒன்பது.
"மிஸ், இதுல ஒண்ணுமே இல்ல."
வேலைக்குப் போயிருக்கு என்றேன்.
"எப்ப வரும்?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஞாயிற்றுக்கிழமை.
எறா அதிகமாக விற்கும் நாள்.